சட்டைப் பையில் ஒரு கச்சேரி

பெங்களூரின் விவேக் நகரை அறிந்த நேயர்களுக்கு வியாழக்கிழமையின் சிறப்பை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. குழந்தை இயேசு ஆலயத்திற்கு அன்று முழுதும் மக்கள் வந்த வண்ணம் இருப்பர். ஈஜிபுரத்திலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் நடந்தே வருவோர் உண்டு. நகரின் மறுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவோரும் உண்டு. அக்கூட்டத்தில் நம் காதில் விழும் பேச்சில் தமிழ் மிகுதி. பல ஆண்டுகளாக இப்பகுதியிலேயே குடியிருக்கும் நாம், அத்தெரு வழியே நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறோம். பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் காதில் இயர்போன் இருக்கிறது. பெரியவர்கள் சிலரும் அப்பழக்கத்திற்கு வந்துவிட்டார்கள். ஆகவே, கையடக்கமான நல்ல இசைப்பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணினோம்.

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகளில் பாட்டுப் பெட்டிக்கு என்றுமே ஒரு தனி மரியாதை உண்டு. முன்னாளில் அது வானொலிப் பெட்டி. பகலில் கரகரவென்று இரைந்துகொண்டிருக்கும் நடுவலை, பொழுது சாய்ந்ததும் தெளிந்துவிடும். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் இரவில் நெடுந்தூரம் செல்வதே அதற்குக் காரணம். எண்பதுகளில், சென்னை நிலையம் 720 கிலோ ஹெர்ட்ஸ், திருச்சி 936 என்பதெல்லாம் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இலங்கை வானொலிக்கு முள் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணாடியின் மேல் சாக்குக் கட்டியால் கோடிட்டு வைத்த வீடுகளும் இருந்தன. பின்னர் 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கேசட் வந்தது. 1979-இல் ஸோனியின் வாக்மேன் வந்து, பாட்டைக் கூடத்திலிருந்து சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது. 1982-இல் குறுந்தட்டு. 2001-இல் ஐபாட். அந்த ஐபாடும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. செல்பேசியே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், இசைக்கென்றே தனியாக ஒரு பெட்டி மீண்டும் தலையெடுத்திருக்கிறது. அதைத்தான் ஹை-ரெஸ் இசைப்பெட்டி என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில இலட்சம் வரை விலை. பெட்டியின் மேல் ஒரு சிறு பொன்னிறச் சின்னமும் சில பெரிய எண்களும் அச்சிடப்பட்டிருக்கும்.

நம் வீட்டிற்கு மேல்மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். போளூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து இளம் வயதிலேயே பெங்களூர் வந்து, ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துபாயில் பணிபுரியும் மகன், தந்தைக்கு நல்ல இசைப்பெட்டி வாங்கிக் கொடுக்குமாறு நாற்பத்தையாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். பெரியவர் நம்மைத் துணைக்கு அழைத்தார். “தம்பி, விலையைப் பார்க்க வேண்டாம். எதைப் போட்டாலும் தெளிவாகக் கேட்கிற பெட்டியாகப் பாருங்கள்” என்றார். நகரில் ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். 24 பிட் என்றார், 192 கிலோ ஹெர்ட்ஸ் என்றார். “ஐம்பது வருஷத்துப் பாட்டையும் நேற்றுப் பாடியதுபோல் ஆக்கிவிடும் ஐயா” என்று முடித்தார். பெரியவரின் முகம் மலர்ந்தது. நமக்கோ அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அந்த எண்களின் பொருளை முதலில் பார்த்துவிடுவோம். ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவை ஒரு விநாடிக்கு இத்தனை முறை என்று அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைப்பதே எண்முறைப் பதிவு. குறுந்தட்டில் விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் குறிக்க 16 பிட், அதாவது 65,536 படிகள். ஹை-ரெஸ் என்பது இதனினும் மேம்பட்டது. விநாடிக்கு 96,000 முறை அல்லது 1,92,000 முறை அளப்பர். படிகளோ 24 பிட், அதாவது 1,67,77,216. எண்களை இப்படி அருகருகே வைத்துப் பார்த்தால் எவருக்கும் மலைப்பே தோன்றும்.

ஆனால் செவி எண்களைக் கேட்பதில்லை. மனிதச் செவிக்கு எட்டும் உச்ச அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 20,000. அதுவும் இளமையில். ஐம்பதைக் கடந்த நம்மில் பலருக்குப் பதினாலாயிரம் எட்டினாலே பெரிது. ஓர் ஒலியில் உள்ள உச்ச அதிர்வைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அதனை அளந்துவிட்டால், அந்த அலையைக் குறைவின்றி மீட்டுவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகிய அறிஞர்கள் காட்டிச் சென்ற கணக்கு. இடையிலே எதுவும் விட்டுப் போவதில்லை. வாசலில் இடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றிக் கம்பி செல்லக்கூடிய வழி ஒன்றே என்று ஆகிவிட்டால், நடுவே மேலும் நூறு புள்ளி வைத்தாலும் கம்பி மாறப் போவதில்லை அன்றோ? 44,100-இல் பாதி 22,050. செவியின் எல்லை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பிட் கணக்கும் அப்படியே. 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 24 பிட்டில் கணக்குப்படி 144. நள்ளிரவில் ஓசையடங்கிய வீட்டிலேயே 30 டெசிபல் அளவுக்கு ஒலி இருக்கும். மாநகரப் பஸ்ஸுக்குள் 70-க்குக் குறையாது. இன்ஜின் இரைச்சலுக்கும் நடத்துநரின் விசிலுக்கும் இடையே அமர்ந்து 144 டெசிபலைத் தேடுவது, தேரோட்டத்தில் நின்றுகொண்டு பூ உதிரும் ஓசையைக் கேட்க முயல்வது போலத்தான்.

இதனை வெறும் கணக்காகச் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தும் சோதித்திருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் மேயர், மோரன் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலியையும் அதையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்களால் இன்னது இன்னதெனப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. 2016-இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாஷுவா ரைஸ், அதுகாறும் நடந்த 18 ஆய்வுகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்தார். 12,000-க்கு மேற்பட்ட சோதனைகளில் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 52.3 முறை. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும். பயிற்சி பெற்ற செவியினர் இதைவிட நன்றாகச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. இருப்பது மிக நுண்ணியது. அதற்கு இலட்ச ரூபாய் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. நாம் கேட்க விரும்பும் பாட்டு எப்படிப் பதிவானது? 78 சுற்று இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-க்கு முன் மைக்ரோபோனே இல்லாமல், பெரிய கூம்பின் முன் நின்று பாடிப் பதிந்தார்கள். மின்முறை வந்த பிறகும் அத்தட்டுகள் பலவற்றில் ஐயாயிரம், எட்டாயிரம் அதிர்வுக்கு மேல் அரக்கின் சீறலன்றி வேறில்லை. 1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ காலத்துப் பாட்டுகளை விரும்பிக் கேட்போர் இன்றும் நம்மிடையே உளர். அந்தக் குரலின் இனிமைக்கு ஹை-ரெஸ் எதையும் சேர்க்க முடியாது. ஆழாக்கு அரிசியை அண்டாவில் வைத்தாலும் அது ஆழாக்குத்தான். அக்காலத் திரைப்படங்களின் ஒளிவழி ஒலிப்பதிவும், வீட்டில் நாடாவில் பதிந்து வைத்த கச்சேரிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பழைய மூல நாடாவிலிருந்து புதிதாகவும் கவனமாகவும் எடுத்த பிரதி நன்றாக இருப்பதுண்டு. அந்தப் பெருமை எடுத்தவரின் கவனத்திற்கு உரியது. குறுந்தட்டின் அளவிலேயே அதனை முழுமையாகக் கேட்டுவிடலாம்.

ஸ்டுடியோக்கள் கணினிக்கு மாறிய பிறகு பதிவான பாட்டுகள் வேறு. அவற்றை 24 பிட்டிலேயே பதிகிறார்கள். அதே அளவில் கிடைத்தால் வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் ஹை-ரெஸ் என்று விற்கப்படுவதெல்லாம் ஹை-ரெஸ் அல்ல. ஒரு முறை நாம் ஓர் இணையக் கடையில் 24 பிட் என்று போட்டிருந்த ஒரு தொகுப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். கணினியில் அலைமாலைப் படமாக விரித்துப் பார்த்தால், பதினாறாயிரம் அதிர்வுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லை. சாதாரண எம்.பி.3 பாட்டுக்குப் பட்டு உடுத்தி மேடையேற்றியிருந்தார்கள்! ஒலி அலைகளைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. ஐயமிருந்தால் ஒரு பாட்டைப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குவது நலம்.

பாட்டைச் சேர்த்து வைக்க ஃபிளாக் என்னும் முறையே போதுமானது. 2001-இல் வெளிவந்த இது, ஒலியில் ஓர் இம்மியும் குறையாமல் கோப்பைச் சுருக்கித் தருகிறது. உரிமைக் கட்டணம் கிடையாது. ஐந்து நிமிடப் பாட்டு, குறுந்தட்டின் தரத்தில் ஏறத்தாழ 30 எம்.பி. இடம் பிடிக்கும். 128 ஜி.பி. கார்டு ஒன்றில் நாலாயிரம் பாட்டுகள் அடங்கும். அதே பாட்டு 24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸ் ஆனால் 200 எம்.பி.யை நெருங்கும், கார்டில் அறுநூறு பாட்டுக்கே இடமிருக்கும். மெமரி கார்டைத் தெருவோரக் கடையில் மலிவாக வாங்காதீர்கள். 512 என்று அச்சிட்டு 32-க்கு மேல் கொள்ளாத போலிகள் உலவுகின்றன. வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் நிரப்பிச் சோதித்துவிட வேண்டும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். வருமுன் இயர்போனைப் பற்றி. ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான். நூறு ரூபாய் இருந்தால் அறுபதை இயர்போனுக்கும் நாற்பதைப் பெட்டிக்கும் ஒதுக்குங்கள் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறோம். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் நல்ல இயர்போனை மாட்டினால் தம்புராவின் சுனாதம் கேட்கும். இலட்ச ரூபாய்ப் பெட்டியில் மட்டமானதை மாட்டினால் மிருதங்கத்தின் தொப்பி மொத்தையாய் ஒலிக்கும். காதுக்குள் பொருந்துவதா, காதை மூடுவதா என்பது அவரவர் வசதி. மின்தடை எண்ணை மட்டும் பாருங்கள். காதுக்குள் வைப்பவை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம். எந்தப் பெட்டியும் அவற்றை ஓட்டிவிடும். ஸென்ஹைஸர் 600, 650 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்கு வலுவான பெட்டி வேண்டும். இல்லையேல் ஒலி எழும்பாது. அதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. நாம் முதன்முதலில் வாங்கிய பெட்டி மிக வலுவானது. நுண்மையான இயர்போனை மாட்டினால், பாட்டு தொடங்குமுன்னரே உஸ்ஸென்ற ஓர் இரைச்சல். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் அது வந்து நிரம்பும். மூன்று மாதத்தில் பாதி விலைக்கு அதனைத் தள்ளிவிட்டோம். ஆகவே, நம் இயர்போனையே கடைக்கு எடுத்துச் சென்று, பாட்டை நிறுத்திவிட்டு அமைதியைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பியில்லாத இயர்போன் உபயோகிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. என்னும் உறுப்புக்காகத்தான் இப்பெட்டிகளுக்கு இவ்வளவு விலை. புளூடூத்தில் பாட்டு எண்ணாகவே காற்றில் சென்று, இயர்போனுக்குள் இருக்கும் சிறு உறுப்பிலேயே ஒலியாகிறது. பெட்டியிலுள்ள விலையுயர்ந்த உறுப்புக்கு அங்கே வேலையே இல்லை. புளூடூத் முறைகளில் உயர்ந்ததாகச் சொல்லப்படும் எல்டாக்கும் விநாடிக்கு 990 கிலோபிட்டுக்கு மேல் அனுப்பாது. குறுந்தட்டின் சுருக்கப்படாத அளவே 1,411. கம்பி வேண்டாம் என்பவர்கள் தனிப்பெட்டிக்குச் செலவிட வேண்டாம் என்பது நம் கருத்து.

கம்பியோடு கேட்பவர்களும் முதலில் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். செல்பேசியின் அடிவாயில் செருகும் விரல் நீளமுள்ள டி.ஏ.சி. ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. எஸ்.பி. ரோட்டின் கம்பி, செருகிக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களும் அகப்படும். ஒரு மாதம் அதில் கேட்டுப் பாருங்கள். நிறைவாக இருந்தால் பணம் மிச்சம். பிறகும் தனிப்பெட்டி வேண்டுமென்று தோன்றினால் அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இராகம் விரிந்துகொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து அழைப்பு வராது. இணையம் வேண்டாம், ஜோலார்பேட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ரயில் செல்லும்போதும் பாட்டு அறுபடாது. சந்தா நின்றவுடன் பாட்டும் பறிபோகும் என்ற கவலை இல்லை. கண் மங்கிய பெரியவர்களுக்கு, தடவித் தெரிந்துகொள்ளக்கூடிய பொத்தான்கள் பெரும் உதவி. இந்தக் கடைசிக் குறிப்பை மனத்திற் கொண்டுதான் 2017-இல் சரிகம நிறுவனத்தார் காரவான் என்னும் பெட்டியைப் பழைய வானொலி வடிவில், திருகு குமிழோடும் முன்னரே நிரப்பிய பாட்டுகளோடும் கொண்டுவந்தார்கள். ஒலித்துல்லியம் தேடுவோர் அதனை எள்ளி நகையாடலாம். பல வீடுகளில் பாட்டிமார் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் தமிழர்கள் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு உண்டு. எந்த விளம்பரத்திலும் இவற்றைப் பற்றிக் காண மாட்டீர்கள். தமிழில் பெயரிட்ட பத்துப் பாட்டுகளைக் கார்டில் ஏற்றிக் கொண்டு சென்று பெட்டியில் போட்டுப் பாருங்கள். சில பெட்டிகளின் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். நாலாயிரம் பாட்டை அப்படி வைத்துக்கொண்டு எதைத் தேடுவது? இரண்டாவது, இடைவெளியின்றி ஒலித்தல். கச்சேரித் தொகுப்புகளில் ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு என்று பிரித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பெட்டி அரை விநாடி வாயடைத்தால், வித்வான் கட்டி எழுப்பிய கட்டடம் அங்கேயே சரிந்துவிடும். திரைப்பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இது தோன்றாது. கச்சேரி ரசிகர்களுக்கு இதுவே முதற் சோதனை.

ஆண்ட்ராய்டு உள்ள பெட்டிகளில் இணையப் பாட்டுச் சேவைகளையும் கேட்கலாம். ஆனால் மின்கலம் விரைவில் தீரும், நாலைந்து ஆண்டில் மென்பொருளும் பழையதாகிவிடும். ஸோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரிலேயே இவ்வகைப் பெட்டிகளைச் செய்கிறது. சீனத்தின் ஃபியோ, ஹைபை, ஷான்லிங், கொரியாவின் அஸ்டெல் அண்ட் கெர்ன் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. பெயர் மட்டும் கைகொடுக்காது என்பதற்கு ஒரு கதையும் இருக்கிறது. நீல் யங் என்னும் புகழ்பெற்ற பாடகர் 2014-இல் போனோ என்ற முக்கோணப் பெட்டிக்காக மக்களிடமே அறுபது இலட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். சில ஆண்டுகளில் அதற்கென நடத்திய பாட்டுக் கடையும் மூடப்பட்டது, பெட்டியும் நின்றது. தன் கடையில் வாங்கிய பாட்டை மட்டுமே பாடும் பெட்டியாக அது அமையாததால், வாங்கியவர்கள் பிழைத்தார்கள். எந்த நிறுவனத்தையும் நம்பியிராமல், கார்டில் உள்ள நம் பாட்டைப் பாடும் பெட்டியே நமக்கு ஏற்றது. 4.4 மில்லிமீட்டர்ச் செருகி, டி.எஸ்.டி. என்பவற்றையெல்லாம் விற்பனையாளர் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒலியளவைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. 80 டெசிபலில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. பஸ் இரைச்சலை மறைக்க ஒலியைக் கூட்டுவோர் இந்த வரம்பைத் தம்மை அறியாமலே தாண்டுகிறார்கள்.

மேல்மாடிப் பெரியவரிடம் இவற்றில் பாதியைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “ஐயா, முதலில் எந்தப் பாட்டைக் கேட்கப் போகிறீர்கள்?” என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே சென்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள் துணியில் சுற்றிய ஒரு கேசட். 1989-இல் அவருடைய மனைவி ஊரிலிருந்து அனுப்பியது. அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்து வீட்டாரின் டேப் ரிக்கார்டரில் பேசி, பெங்களூர் வந்துகொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்போது மகன் ஆறு மாதக் குழந்தை. அம்மாள் காலமாகிப் பதினோரு ஆண்டு. வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டர் அதற்கும் முன்பே பழுதாகிவிட்டது. “இதைப் போட்டால் அந்தப் பெட்டியில் தெளிவாக வருமா தம்பி?” என்றார்.

கடைக்காரரின் சொல்லில் அவர் முகம் மலர்ந்ததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அந்தப் பெட்டியில் கேசட்டைப் போட வழியே இல்லை என்பதைச் சொல்லவும் நமக்கு நாவெழவில்லை.

பெட்டி வாங்குவதை ஒத்திவைத்து, கேசட்டைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினோம். இப்படி ஒரு டப்பாவை வைத்திருக்கும் வீடுகள் வேறும் இருக்கும். ஆதலால் செய்த முறையைச் சொல்கிறோம். முதலாவது, பழைய கேசட்டை அகப்பட்ட இயந்திரத்தில் உடனே போட்டுவிடக் கூடாது. நாடா சிக்கினால் அதோடு போயிற்று. இதில் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்து போயிருந்தது. திருகாணி வைத்த வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, நாடாச் சுருள்களை அதற்குள் மாற்றினோம். ஓரத்தில் மெல்லிய பூஞ்சை. அதனை மெல்லத் துடைத்தெடுத்தோம். பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம் நல்ல டெக் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதன் தலையைச் சாராயத் திரவத்தால் துடைத்து, புதிய ரப்பர்ப் பட்டை மாற்றி, வேண்டாத கேசட்டுகளில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தோம். பிறகு தலையின் சாய்வுத் திருகு. பதிந்த இயந்திரத்தின் சாய்வும் கேட்கும் இயந்திரத்தின் சாய்வும் ஒத்திராவிட்டால், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓரிடத்தில் திடீரென்று திரை விலகும். இலட்ச ரூபாய்ப் பெட்டி எதுவும் செய்ய முடியாத வேலையை இந்தத் திருகு செய்கிறது.

கணினியில் 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் பதிந்தோம். இங்கே மட்டும் 24 பிட் வேண்டுமென்று நாம் வற்புறுத்துவோம். வீட்டுக் கேசட்டின் ஒலி இடைவெளி 50 டெசிபலைத் தாண்டாது. கணக்குப்படி 8, 9 பிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் குரல் எப்போது உயரும் என்று முன்கூட்டித் தெரியாது. 24 பிட் இருந்தால் அளவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அச்சமின்றிப் பதியலாம். உச்சத்தில் குரல் உடையாது. ஒரு பக்கம் அரை மணி. அதனை எந்த வடிகட்டலும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்தோம். இரைச்சல் நீக்குவதெல்லாம் மற்றொரு பிரதியில்தான். மிகையாக நீக்கினால் குரலின் ஓரங்களும் சேர்ந்து தேய்ந்துவிடும். நாம் சிறிதளவே நீக்கினோம்.

முன்பு சொன்ன கடைக்கே மறுபடி சென்று, அங்கிருந்ததில் மிக எளிய பெட்டி ஒன்றை வாங்கினோம். பெரிய பொத்தான், தமிழ் எழுத்து சரியாகத் தெரியும் திரை, கார்டு செருகும் இடம். காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று. எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். கடைக்காரருக்குச் சற்று வருத்தந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். நாடாவின் தொடக்கத்தில் ஓர் அம்சம் உண்டு. பல ஆண்டுகள் சுருளாகவே கிடந்த நாடாவில், ஒரு சுற்றில் உள்ள ஒலி அடுத்த சுற்றிலும் மெல்லப் படிந்துவிடும். அதனால் பேச்சு தொடங்குவதற்குச் சில விநாடி முன்பே அதே பேச்சு மிக மெலிதாகக் கேட்கும். நாம் அதனை நீக்கவில்லை. முதலில் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல், “கேக்குதுங்களா?” என்று ஒரு குரல். பிறகு அதுவே அருகில், முழுக்குரலாக. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “கேக்குது, கேக்குது” என்று உரக்கச் சொன்னார். காதை மூடியிருந்ததால் தாம் உரக்கச் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை. தாலாட்டு எப்போது தொடங்கிற்று என்பதை அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கியதிலிருந்து அறிந்துகொண்டோம்.

அன்று மாலையே அந்தக் கோப்பைத் துபாய்க்கு அனுப்பினோம். கேசட்டின் மறுபக்கம் இன்னும் பதியாமல் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதென்று பெரியவருக்கு நினைவில்லை. டெக்கின் வாடகை அடுத்த ஞாயிறு வரை உண்டு.